விண்மீன்களை எண்ணிய மகளிர்

(பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்)



வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் எவரேனும் உண்டா? ஏர் பிடிக்கும் உழவரும், கடலில் வலை வீசும் மீனவரும், நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பாட்டியும் வானத்தின் மாணாக்கரே. மாலையில் ஒற்றை விண்மீனைப் பார்த்துவிட்டால் ஆகாது, இன்னொன்றையும் தேடிப் பார்த்த பிறகே வீட்டிற்குள் வர வேண்டும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வதுண்டு. மூடநம்பிக்கை என்று சிலர் நகைக்கலாம். எங்களுக்கோ அது நல்லதொரு வானியல் பாடமாகவே தோன்றுகிறது. ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாமல் இன்னொன்றைத் தேடு என்பதுதானே அறிவியல்?

நாங்கள் இப்பள்ளியில் பயின்ற ஆண்டுகள் வானியலில் பொற்காலம் என்றால் மிகையாகாது. நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, 2021ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. நம் நாட்டு நேரம் மாலை ஆறு மணியளவு. பக்கத்து வீடுகளுக்கு நாம் கேக்கும் முறுக்கும் சுமந்துகொண்டிருந்த நேரம் அது! பத்தாம் வகுப்பில் இருந்தபோது, 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெல்லத் தரையிறங்கியது. அப்பகுதியில் இறங்கிய முதல் நாடு இந்தியாவே. அதன் 'பிரக்யான்' ஊர்தி நிலவின் மண்ணை ஆராய்ந்து, அங்கே கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. 2025 ஜூன் 23 அன்று, சிலி நாட்டு மலையுச்சியில் அமைந்த வேரா ரூபின் வானாய்வகம் தன் முதற்படங்களை உலகிற்கு வெளியிட்டது. இம்மூன்றையும் பற்றியும், இவற்றினிடையே எங்கள் பள்ளி மொட்டை மாடியில் நாங்கள் கழித்த இரண்டு இரவுகளைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பழைய கடிதங்களைப் படிக்கும் கண்ணாடி

ஒளி ஒரு நொடியில் சுமார் 3 இலட்சம் கி.மீ. செல்கிறது. அப்படிப்பட்ட ஒளியே சூரியனிடமிருந்து நம்மை வந்தடைய எட்டு நிமிடத்திற்கும் சற்று மேலாகிறது. நாம் காணும் சூரியன் எட்டு நிமிடத்திற்கு முந்தைய சூரியன். திருவாதிரை விண்மீனின் ஒளி பல நூறு ஆண்டுகள் பயணம் செய்து நம் கண்ணில் படுகிறது. ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் ஒளியோ சுமார் 25 இலட்சம் ஆண்டுகள் பழையது. தொலைதூரத்தில் இருப்பவர் எழுதிய கடிதம் நம் கையில் கிடைக்கும்போது அதிலுள்ள செய்தி பழையதாகிவிடுகிறது அன்றோ? வானமும் அப்படிப்பட்ட கடிதக்கட்டுதான். எவ்வளவு தொலைவில் பார்க்கிறோமோ, அவ்வளவு பழைய செய்தியைப் படிக்கிறோம்.

வெப் தொலைநோக்கி அக்கட்டின் அடியில் உள்ள கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறது. அதன் ஆடி 6.5 மீட்டர் அகலமுள்ளது. பொன்முலாம் பூசிய 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. டென்னிஸ் மைதானம் அளவிலான ஐந்தடுக்குக் குடை ஒன்று அதைச் சூரிய வெப்பத்திலிருந்து காக்கிறது. குடையின் நிழலில் உள்ள ஆடியின் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 220 டிகிரி செல்சியசிற்கும் குறைவு. ஏன் இத்தனை குளிர்ச்சி? அது பார்ப்பது நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை அன்று, அகச்சிவப்புக் கதிர்களை. சூடான பொருள் ஒவ்வொன்றும் அகச்சிவப்பில் ஒளிரும். தொலைநோக்கியே சூடாக இருந்தால், தன் ஒளியே தன் கண்ணைக் கூசச் செய்துவிடும்.

மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களைக் காண அகச்சிவப்பு ஏன் வேண்டும்? பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது. அதனூடே வரும் ஒளியின் அலையும் வழியெங்கும் நீண்டுகொண்டே வருகிறது. நீலமாகப் புறப்பட்ட ஒளி சிவப்பாகி, சிவப்பையும் கடந்து, அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. பேரண்டம் தோன்றி 30 கோடி ஆண்டுகள்கூட நிறைவுறாத காலத்தில் புறப்பட்ட ஒளியை வெப் கண்டிருக்கிறது. இன்று பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்பதை நினைத்துப் பாருங்கள்! அத்தனை இளம்பருவத்திலேயே ஒளிமிக்க விண்மீன் மண்டலங்கள் உருவாகியிருக்கும் என்று அறிஞர்கள் எதிர்பார்க்கவில்லை. அவை எப்படி அவ்வளவு விரைவில் வளர்ந்தன என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

பேரண்டம் விரிகிறது என்று கணக்கிட்டுச் சொன்ன முன்னோடிகளுள் ஒருவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர் என்பது நம் பள்ளிக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவரது ஆய்வுக்கட்டுரை 1927இல் வெளிவந்தது. எட்வின் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை 1929இல் வெளிவந்தது. பலகாலம் ஹபிள் விதி என்றே வழங்கிவந்ததை ஹபிள்-லெமேத்ர் விதி என அழைக்கலாம் என 2018இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தினர் வாக்களித்துப் பரிந்துரைத்தனர். உரியவருக்கு உரிய பெயர் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின!

மொட்டை மாடிக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அலமாரியில், மரப்பெட்டிக்குள் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று பல்லாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு, பதினோராம் வகுப்பில், அதைத் துடைத்து எடுத்தோம். பகலில் மாதா கோயில் கோபுரத்துச் சிலுவையையும் தண்ணீர்த் தொட்டிமேல் அமர்ந்த காகத்தையும் பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் தொலைநோக்கி காகத்திற்காக உண்டானதா? விண்மீன்கள் இரவில்தானே தோன்றுகின்றன! இங்கேதான் சிக்கல் எழுந்தது.

2025 ஜனவரி மாதம் மாலை வானில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் ஆகிய நான்கு கோள்களும் ஒருங்கே காட்சியளித்தன. இதைவிட நல்ல வேளை எப்போது வாய்க்கும்? பதினான்கு பேர் கையெழுத்திட்டுத் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் விண்ணப்பம் கொடுத்தோம். சிஸ்டர் அதை இருமுறை படித்தார். பின்னர் நான்கு நிபந்தனைகளுடன் இசைந்தார். பெற்றோரின் கையொப்பம் வேண்டும். ஆசிரியையர் இருவர் உடனிருக்க வேண்டும். கைப்பேசி கூடாது. ஒன்பதரை மணிக்குள் ஒவ்வொருவரையும் வீட்டார் வந்து அழைத்துச் செல்ல வேண்டும்.

ஜனவரி 25, சனிக்கிழமை மாலை, மாடியில் கூடியவர்கள் ஒன்பது பேர். ஐவர் வரவில்லை. ஒருத்தியின் ஊருக்கு இரவில் பேருந்து இல்லை. இருவர் வீட்டில் அழைத்துப் போக ஆளில்லை. மற்றொருத்தி வீட்டில் காரணமே சொல்லவில்லை, கையெழுத்து மட்டும் இடவில்லை. ஐந்தாமவளின் தந்தையோ, "பெண்பிள்ளைக்கு இரவிலே மொட்டை மாடியில் என்ன வேலை?" என்று கேட்டுவிட்டாராம். அவள் தம்பி அன்றிரவு ஒன்பது மணிவரை தெருமுனை விளக்கடியில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தான் என்பதை அவள் திங்களன்று சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

எவரையும் குறைகூற நாங்கள் இதை எழுதவில்லை. பெற்றோரின் அச்சம் பொய்யானதன்று. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். தாவரவியலைப் பகலில் கற்கலாம், வேதியியலைப் பகலில் கற்கலாம். வானியலின் ஆய்வுக்கூடமோ இரவுதான். இரவு ஒருத்திக்குப் பூட்டப்பட்டால், அந்த ஆய்வுக்கூடமும் பூட்டப்பட்டதாகவே ஆகிறது.

வராத ஐவருக்காக நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். ஒருத்தி தொலைநோக்கியில் கண்வைத்துக் கண்டதைச் சொல்ல, இன்னொருத்தி சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கொளியில் நோட்டில் எழுதினாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருளுக்குப் பழகிய கண் மீண்டும் பழக வெகுநேரம் ஆகும், சிவப்பொளி அவ்வளவாகக் கெடுக்காது. நோட்டின் மேலட்டையில் 'வான ஏடு' என்று எழுதினோம். காவலர் தாத்தா மைதான விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்ததும், தலைக்கு மேலே விண்மீன்கள் முளைத்தன.

வியாழனைப் பார்த்தோம். அதன் இருபுறமும் ஒரே கோட்டில் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகள். அவை 1610இல் கலிலியோ கண்ட நிலவுகள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவற்றுள் ஒன்று சற்றே இடம்பெயர்ந்திருந்தது! கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்தது, தொலைநோக்கியில் எண்ணி மாளவில்லை. சனியின் வளையத்தைத்தான் பெரிதாக எதிர்பார்த்திருந்தோம். புத்தகப் படத்தில் தொப்பியின் விளிம்புபோல் அகன்றிருக்கும் வளையம், அன்று மணியில் கோத்த ஊசிபோல் மெல்லிய கோடாகத் தெரிந்தது. சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வளையம் நமக்கு விளிம்பை மட்டுமே காட்டும். 2025 மார்ச்சில் அந்த நிலை நேரவிருந்ததால்தான் அப்படி. படத்தில் உள்ளதைக் காணாதது ஏமாற்றமன்று, படத்தில் இல்லாததைக் கண்டதே பேறு என்று எங்கள் ஆசிரியை கூறினார்.

ஏட்டைச் சுமந்த நான்கு கன்னியர்

திங்கட்கிழமை வான ஏட்டைச் சிஸ்டரிடம் காட்டினோம். பக்கங்களைப் புரட்டியவர், "ஒருத்தி பார்த்துச் சொல்ல, ஒருத்தி எழுதினீர்களா? இதே வேலையை நூறாண்டுகளுக்கு முன்பே நான்கு சிஸ்டர்கள் செய்திருக்கிறார்கள், தெரியுமா?" என்றார். எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்ன கதை இது.

1887இல் பாரிஸ் நகரில் கூடிய வானியலறிஞர்கள், வானம் முழுவதையும் படமெடுத்து விண்மீன் பட்டியல் ஒன்று தயாரிக்க முடிவு செய்தனர். உலகின் சுமார் இருபது வானாய்வகங்கள் வானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. பின்னர் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் இப்பணியில் சேர்ந்தது. வத்திக்கான் வானாய்வகத்திற்கும் ஒரு பங்கு கிடைத்தது. கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தாயிற்று. தகடுகளில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் ஒளியையும் அளப்பது யார்? இத்தாலியச் சபையொன்றைச் சேர்ந்த எமிலியா போன்சோனி, ரெஜினா கொலம்போ, கான்செட்டா ஃபினார்டி, லூயிஜியா பான்செரி என்னும் நான்கு அருட்சகோதரிகள் அப்பணியை ஏற்றனர். நுண்பெருக்கியில் பார்த்து அளந்து, ஏட்டில் பதித்து, 1910 முதல் 1921 வரை அவர்கள் குறித்த விண்மீன்களின் எண்ணிக்கை 4,81,215!

இத்தனை செய்தும் அவர்தம் பெயர்கள் பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருந்தன. பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்திய முதிய குருவானவர் ஒருவர் கண்டெடுத்துச் சொன்ன பிறகு, 2016இல்தான் உலகம் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தது.

இப்படிப் பெயரின்றி எண்ணிய மகளிர் வேறும் பலர். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியட்டா லீவிட் என்னும் அம்மையார் மணிக்கு 30 சென்ட் அளவு ஊதியத்தில் கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்தார். செவிப்புலன் குன்றியவர் அவர். சில விண்மீன்கள் ஒளி கூடியும் குறைந்தும் துடிப்பதையும், மெதுவாகத் துடிப்பது உண்மையில் மிகுந்த ஒளியுடையது என்பதையும் 1912இல் நிறுவினார். இதன் பயன் என்ன? இருட்டில் எதிரே வரும் வண்டியின் விளக்கு எத்தனை ஆற்றலுடையது என்று நமக்குத் தெரிந்தால், அது தெரியும் மங்கலைக் கொண்டு வண்டி எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணக்கிடலாம். லீவிட் கண்ட துடிப்பு விண்மீனின் உண்மையான ஆற்றலைச் சொல்லிவிடுகிறது. அந்த அளவுகோலைக் கொண்டே ஹபிள் ஆந்திரமேடா நம் பால்வழி மண்டலத்திற்கு அப்பால் உள்ளது என்று காட்டினார். நோபல் பரிசுக்கு லீவிட்டின் பெயரைப் பரிந்துரைக்க எண்ணி சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் கடிதம் எழுதினார். ஆனால் அந்த அம்மையார் 1921இலேயே மறைந்துவிட்டிருந்தார்.

காணாததைக் கண்டவர்

வேரா ரூபின் அம்மையாரின் கதை எங்களை மிகவும் கவர்ந்தது, ஏனெனில் அவரும் இரவின் பூட்டைத் திறந்தவர். கலிபோர்னியாவின் பாலோமர் மலை வானாய்வகத்தில் நெடுங்காலம் பெண்களுக்கு ஆய்வு அனுமதி வழங்கப்படவில்லை. அங்கே பெண்களுக்கெனக் கழிப்பறை இல்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று! 1965இல் முறைப்படி அனுமதி பெற்ற முதற்பெண்மணி வேரா ரூபின். கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் உருவத்தின்மேல் காகிதத்தில் பாவாடை வெட்டி ஒட்டிவிட்டாராம். சண்டை சச்சரவின்றித் தீர்ந்தது சிக்கல்!

அவர் கண்டது என்ன? சூரியனுக்கு அருகிலுள்ள புதன் நொடிக்குச் சுமார் 47 கி.மீ. விரைவில் சுற்றுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு நொடிக்குச் சுமார் 5 கி.மீ. மட்டுமே. தொலைவு கூடினால் ஈர்ப்பு குறையும், வேகமும் குறையும். விண்மீன் மண்டலங்களின் ஓரத்திலுள்ள விண்மீன்களும் அவ்வாறே மெதுவாகச் சுற்ற வேண்டும் அன்றோ? கென்ட் ஃபோர்டு என்னும் அறிஞருடன் சேர்ந்து ரூபின் ஆந்திரமேடாவை அளந்தார். 1970இல் வெளியான முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. ஓரத்து விண்மீன்களின் வேகம் குறையவே இல்லை! அப்படியாயின் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் அவற்றை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அதனையே கரும்பொருள் என்கிறோம். நாம் காணும் பொருளைப்போல் சுமார் ஐந்து மடங்கு கரும்பொருள் பேரண்டத்தில் இருப்பதாக இன்று கணக்கிடப்பட்டுள்ளது. அது எதனால் ஆனது என்பது இன்னும் எவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கிறது என்று மகிழ்கிறோம்!

ரூபின் 2016 டிசம்பர் 25 அன்று மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய வானாய்வகம் சிலி நாட்டின் பச்சோன் மலையில் எழுந்துள்ளது. 8.4 மீட்டர் ஆடியும், 320 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட, சிறு மோட்டார் காரின் அளவுள்ள நிழற்படக் கருவியும் அதன் சிறப்பு. சோதனையாகப் பார்த்த சுமார் பத்து மணி நேரத்திலேயே அதுவரை எவரும் அறியாத 2,104 சிறுகோள்களை அது காட்டித் தந்தது. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் பத்தாண்டுகள் தொடர்ந்து படமெடுப்பதே அதன் நோக்கம். பெண்ணுக்குக் கதவு திறக்கத் தயங்கிய துறையில், இன்று உலகின் மாபெரும் கண்களுள் ஒன்று பெண்ணின் பெயரால் விழித்திருக்கிறது.

அன்னையர் வந்த இரவு

மீண்டும் எங்கள் மாடிக்கு வருவோம். ஐவர் வராதது சிஸ்டருக்கும் உறுத்தலாகவே இருந்தது. "பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டால் பயப்படத்தான் செய்வார்கள். அம்மாக்களையும் சேர்த்துக் கூப்பிடுவோம்" என்றார். தம் கைப்படவே அழைப்பு எழுதினார். பிப்ரவரி 22 அன்று மாணவியரும் அன்னையருமாக இருபத்தாறு பேர் கூடினோம். முன்பு வராத ஐவருள் நால்வர் வந்திருந்தனர். பேருந்து இல்லாத ஊர்க்காரி மட்டும் வர இயலவில்லை. அவளுக்காக ஏடு தொடர்ந்தது.

அன்று மேற்கே வெள்ளி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முதலில் கண்வைத்தவர், கையெழுத்திட மறுத்தாரே, அந்தத் தந்தையின் துணைவியார். வெகுநேரம் பார்த்தார். பின், "ஏம்மா, இது நிலா இல்லையே? ஏன் பிறை மாதிரி இருக்கிறது?" என்றார்.

"நிலா இல்லை அம்மா, வெள்ளிதான். நிலாவுக்குப் போலவே அதற்கும் தேய்பிறை, வளர்பிறை உண்டு" என்றோம்.

"அப்படியென்றால் இது இன்னும் தேயுமா? தேய்ந்து எங்கே போகும்?"

வெள்ளியின் பிறைகளைக் கண்டுதான் அது சூரியனைச் சுற்றுகிறது என்று கலிலியோ துணிந்தார். அவர் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய அதே கேள்வியைப் பள்ளி இறுதி வகுப்பையும் எட்டாத ஓர் அன்னை எங்கள் மாடியில் நின்று கேட்டார்! எங்கள் ஆசிரியை ஒரு பந்தையும் கைவிளக்கையும் கொண்டு விளக்கினார். வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே வந்துகொண்டிருக்கிறது, நம்மை நெருங்க நெருங்கப் பெரிதாகவும் மெலிந்தும் தெரியும், மார்ச் 23 அளவில் சூரியனருகே மறைந்து, பிறகு விடியற்காலையில் கிழக்கே தோன்றும் என்றார்.

அந்த அம்மா அதை மறக்கவில்லை. மாலைதோறும் துவைகல் அருகே நின்று மேற்கே பார்த்தாராம். மார்ச் இறுதியில் காணவில்லை என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். நாங்களோ தேர்வு மும்முரத்தில் வானத்தையே மறந்திருந்தோம். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் விடியலில், வாசல் தெளித்துக் கோலமிடும்போது, கிழக்கே அவர் கண்டுவிட்டார். "உங்கள் வெள்ளி வந்துவிட்டது" என்று மகளை எழுப்பிக் காட்டினாராம். வான ஏட்டில் அந்த நாள் அவர் பெயராலேயே பதிவாகியுள்ளது. ஏட்டில் உள்ள பெயர்களுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுவே.

அத்தோழி இயற்பியலில் பட்டப்படிப்புப் படிக்க விரும்புகிறாள். கல்லூரி வெளியூரில் உள்ளது. விடுதியில் தங்க வேண்டும். வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தந்தை இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது அந்தப் பேச்சில் அவளுக்காக வாதாட ஒருவர் இருக்கிறார்.

நம் பக்கத்திலேயே

இவையெல்லாம் ஏதோ சிலியிலும் கலிபோர்னியாவிலும் நடப்பவை என்று எண்ணிவிடாதீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1977 மார்ச் 10 அன்று விண்மீன் ஒன்றை யுரேனஸ் கோள் மறைத்தபோது, அமெரிக்க அறிஞர்கள் விமானத்திலிருந்து பார்த்து அக்கோளுக்கு வளையங்கள் உண்டெனக் கண்டனர். அதே நிகழ்வைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது.

சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 இலட்சம் கி.மீ. தொலைவில் அது நிலைகொண்டுள்ளது. நேர் எதிர்த்திசையில், அதே 15 இலட்சம் கி.மீ. தொலைவில், வெப் தொலைநோக்கி உள்ளது. ஒன்று பகலவனை நோக்க, மற்றொன்று பேரிருளை நோக்குகிறது. ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி அம்மையார் செங்கோட்டையில் பிறந்து, அரசுப் பள்ளியில் பயின்று, திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் படித்தவர். சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் மு. வனிதா அம்மையார் சென்னையைச் சேர்ந்தவர். சந்திரயான்-3இன் துணைத் திட்ட இயக்குநர் கல்பனா காளஹஸ்தி அம்மையார். இவர்களும் ஒரு காலத்தில் நம்மைப்போல் சீருடை அணிந்து, மதிய உணவுப் பாத்திரம் சுமந்து நடந்த சிறுமியர்தாமே!

இன்னும் ஒருவரைச் சொல்லி முடிக்கிறோம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், நீண்ட காகிதச் சுருளில் பதிவான அலைகளிடையே ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். அதுவே துடிவிண்மீன் கண்டுபிடிப்பு. 1974ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கும் மற்றொருவருக்கும் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 2018இல் அவருக்கு 30 இலட்சம் டாலர் மதிப்புள்ள வேறொரு பெரும்பரிசு கிடைத்தது. அதை முழுவதும், இயற்பியல் ஆய்வில் போதிய இடம் பெறாத பிரிவினர் பயில உதவித்தொகையாக வழங்கிவிட்டார். தமக்கு மூடப்பட்ட கதவைப் பிறருக்குத் திறந்துவிடுவதைக் காட்டிலும் மேலான வெற்றி உண்டோ?

இளைய தங்கையரே! நாங்கள் இவ்வாண்டோடு விடைபெறுகிறோம். தொலைநோக்கிப் பெட்டி துடைக்கப்பட்டு ஆய்வுக்கூட அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. வில்லையைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணி உள்ளே வைத்துள்ளோம், முந்தானையால் துடைக்காதீர்கள்! வான ஏட்டில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள் உள்ளன. ஒருத்தி பார்த்துச் சொல்லுங்கள், ஒருத்தி எழுதுங்கள். வர முடியாதவளின் பெயரையும் அந்த நாளின் பக்கத்தில் தவறாமல் எழுதுங்கள். அடுத்த முறை அவள் அன்னைக்கும் ஓர் அழைப்பு அனுப்புங்கள். பேருந்து இல்லாத ஊர்க்காரிக்கு உங்களுள் ஒருத்தியின் வீட்டில் அன்றிரவு ஒரு பாயும் தலையணையும் போட்டுவைக்க மறவாதீர்கள்.